41,616 கோடி டாலரில் எத்தனை போன்?

ஆப்பிள் நிறுவனம் 2025 நிதியாண்டில் 41,616 கோடி டாலருக்கு விற்பனை செய்திருக்கிறது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் இந்தத் தொகையைப் பகிர்ந்த நண்பர், ஐபோன் இப்படி விற்றால், அதைப் பூட்டும் ஆலை இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு இனி ஏறுமுகம்தான் என்று எழுதியிருந்தார். கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். ஒரு கூட்டுத்தொகையைக் கண்டால் அது கணக்கேட்டின் எந்தெந்த வரிகளைக் கூட்டி வந்தது என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்த்த பிறகு, அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை.

ஆப்பிள் தன் விற்பனையை ஐந்தே வரிகளில் காட்டுகிறது: ஐபோன், மேக் கணினி, ஐபேட், கைக்கடிகாரம் முதலான துணைக்கருவிகள், சேவைகள். 2022-இல் மொத்த விற்பனை 39,433 கோடி டாலர். அதில் முதல் நான்கு வரிகள், அதாவது கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்கள், 31,620 கோடி. 2025-இல் அதே நான்கு வரிகளின் கூட்டுத்தொகை 30,700 கோடி. மூன்று ஆண்டுகளில் பொருள் விற்பனை 920 கோடி டாலர் இறங்கியிருக்க, மொத்தம் மட்டும் ஏறியிருப்பதற்குக் காரணம், 7,813 கோடியிலிருந்து 10,916 கோடிக்குத் தாவிய சேவைகள் வரிதான். ஆப் ஸ்டோர் தரகு, ஐகிளவுட் இணையச் சேமிப்பகச் சந்தா ஆகியவற்றோடு, ஆப்பிள் கருவிகளில் தன் தேடுபொறியே முதலில் வருவதற்காகக் கூகுள் தரும் பணமும் அதில்தான் சேர்கிறது. 2022-இல் மட்டும் கூகுள் தந்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் தெரியவந்தது. இந்த வருமானத்துக்காக எந்தத் தொழிற்சாலையிலும் ஒருவரும் ஒரு திருகைக்கூட முடுக்க வேண்டியதில்லை. 2024 கணக்குப்படி பொருள் விற்பனையில் நூறு டாலருக்கு 37 டாலர் மொத்த லாபம் (நேரடிச் செலவு போக மிஞ்சுவது) நிற்கிறது என்றால், சேவையில் 74 நிற்கிறது.

மேக் 2023-இல் 27 சதவீதம் சரிந்து, பிறகு அந்தச் சரிவில் பாதிக்கும் குறைவாகவே மீண்டிருக்கிறது. ஐபேடும் துணைக்கருவிகளும் 2022 அளவுக்குக் கீழேயே கிடக்கின்றன.

ஐபோன் வரி 20,549 கோடியிலிருந்து 20,959 கோடிக்கு வந்திருக்கிறது. உச்சம்தான், ஆனால் மூன்றாண்டு வளர்ச்சி வெறும் 2 சதவீதம். இதில் எத்தனை போன்கள் என்று கேட்டால் அறிக்கையில் விடை கிடையாது. முன்பு இருந்தது. 2015-இல் 23.12 கோடி போன்களை விற்று 15,504 கோடி டாலர் ஈட்டிய ஆப்பிள், 2018-இல் 21.77 கோடி போன்களை மட்டுமே விற்று 16,670 கோடி ஈட்டியது. எண்ணிக்கை இறங்கியது, விலை ஏறியது, வருமானமும் ஏறியது. அந்தக் கணக்கு வெளியான 2018 நவம்பரிலேயே, இனி எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. கடையில் கூடையை நிரப்பிக்கொண்டு காசாளரிடம் போனால் உள்ளே எத்தனை பொருள் என்பதா முக்கியம், அவற்றின் மொத்த மதிப்புதானே என்று அன்று ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் அதற்கு விளக்கமும் சொன்னார். பங்கு வைத்திருப்பவருக்கு அந்த விளக்கம் போதும். கோயம்பேட்டில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் தொழிலாளிக்கு மூட்டைக்குத்தான் கூலி. வெங்காயம் கிலோ நூறு ரூபாய்க்கு விற்றாலும் வந்தது பத்து மூட்டை என்றால் அவருக்குப் பத்து மூட்டைக் கூலிதான். போன் பூட்டும் தொழிற்சாலையில் எத்தனை பேருக்கு வேலை என்பதையும் அந்த மூட்டைக் கணக்கே தீர்மானிக்கிறது.

ஆகவே, இங்கே ஐபோன் உற்பத்தி பெருகியிருப்பதற்கு உலகம் அதிக ஐபோன் வாங்குவதைக் காரணமாகச் சொல்ல இந்த அட்டவணையில் ஆதாரம் இல்லை. சீனாவில் பூட்டப்பட்டு வந்த போன்களில் ஒரு பகுதி இப்போது இங்கே பூட்டப்படுகிறது, அவ்வளவே என்பது என் கருத்து. அது நமக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை வேறிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தது என்றால், அது நீடிப்பதும் சுங்கவரி, மின்சாரம், தொழிலாளர் விடுதி, உதிரிபாகங்களை இங்கேயே செய்யும் திறன் ஆகியவற்றைப் பொறுத்ததே தவிர, ஆப்பிளின் ஆண்டு விற்பனையைப் பொறுத்ததல்ல. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, உலகில் ஸ்மார்ட்போன் விற்பனை ஏறிக்கொண்டுதான் இருந்தது.