திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஃப்ளைட் வருது, ஊருக்குப் போக பஸ் எங்க?

திருச்சி ஏர்போர்ட் புது டெர்மினல பத்தி யார் எழுதுனாலும் கோபுரம் மாதிரி இருக்கு, ஓவியம் அழகு, ஏரோபிரிட்ஜ் வந்துருச்சுன்னு தான் எழுதுறாங்க. அழகா தான் இருக்கு. 1,100 கோடிக்கு மேல செலவு பண்ணி, 2024 ஜனவரி 2 பிரதமர் திறந்து வச்சு, ஜூன் 11லேர்ந்து ஓடுது, வருஷத்துக்கு 44 லட்சம் பேர் வந்து போற அளவுக்கு கட்டியிருக்காங்க. பழைய டெர்மினல்ல ரெண்டு ஃப்ளைட் சேர்ந்தாப்ல வந்து இறங்குனா இமிகிரேஷன் வரிசை எப்படி நிக்கும்னு பாத்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு தெரியும். ஆனா அந்த கண்ணாடிக் கதவ தாண்டி வெளிய வந்த மனுஷன் எப்படி ஊர் போய் சேருவாருன்னு பேச ஆள காணோம், எனக்கு அதான் ஆத்தாமையா இருக்கு.

ராத்திரி அரைவல் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, அறந்தாங்கி, காரைக்குடி, பெரம்பலூர்னு சுத்துப்பட்டு மாவட்டத்து ஜனம் தான் நிக்கும். உள்நாட்டுப் பயணிகள விட வெளிநாடு போய் வர்ற பயணிகள் அதிகமா இருக்கற ஏர்போர்ட் இந்தியாவுல ரொம்ப அபூர்வம், திருச்சி அதுல ஒண்ணு. சிங்கப்பூர்ல கட்டட வேலை, மலேசியாவுல ஹோட்டல் வேலை, துபாய் ஷார்ஜாவுல டிரைவர் வேலைன்னு போனவங்க, அவங்கள பாக்கப் போன அப்பா அம்மா, இவங்க காசுல தான் இந்த ஏர்போர்ட்டே வளந்துச்சு.

ஏர்லைன்ஸ் கதைய கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஸ்கூட், ஏர்ஏசியா, பாட்டிக் ஏர், வியட்ஜெட்னு கிழக்கு பக்கத்து கம்பெனிங்க இங்க வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, ஆசியான்ங்கிற தென்கிழக்கு ஆசிய கூட்டமைப்பு நாட்டு ஏர்லைன்ஸ் வந்து போகலாம்னு மத்திய அரசு 18 ஊருக்கு தாராளமா அனுமதி குடுத்துச்சு, அந்த பட்டியல்ல திருச்சி இருக்கு. வளைகுடா பக்கம் அப்படி இல்ல. அந்தந்த நாட்டோட போட்ட ஒப்பந்தத்துல எந்த ஊரு பேரு இருக்கோ அங்க மட்டும் தான் அவங்க ஃப்ளைட் இறங்க முடியும், எமிரேட்ஸுக்கு தமிழ்நாட்டுல சென்னை ஒண்ணு தான். அதனால இங்கேர்ந்து நேரா வளைகுடா போகணும்னா பெரும்பாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோன்னு நம்மூர் கம்பெனிங்க தான், இல்லன்னா ஸ்ரீலங்கன்ல ஏறி கொழும்புல மாறணும். போட்டி இல்லாத இடத்துல ரம்ஜான், பொங்கல் சமயத்துல டிக்கெட் எங்க போய் நிக்கும்னு நான் சொல்ல வேணாம். ஒப்பந்தத்துல திருச்சி பேர சேர்க்கணும்னு எம்பிங்க விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும். ரன்வே வேற சுமார் 2,480 மீட்டர் தான், பெரிய விமானம் முழு லோடோட கிளம்ப அது பத்தாது, நீட்டிக்கணும்னா நிலம் வேணும், வருஷக்கணக்கா இழுக்குது.

சரி அதெல்லாம் டெல்லி வரைக்கும் போற விஷயம், டைம் எடுக்கும். பஸ் அப்படியா? நம்ம மாநில அரசு நினைச்சா அடுத்த மாசமே விடலாம்ங்க.

ஏர்போர்ட் இருக்கறது புதுக்கோட்டை ரோட்டுல செம்பட்டுல. வெளியூர் பஸ்ஸுக்கு 2025 ஜூலைலேர்ந்து பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு போகணும், அது மதுரை ரோட்டுல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பெட்டி, ஒரு டிவி அட்டைப்பெட்டி, தூங்கற குழந்தையோட இறங்குறவங்க தஞ்சாவூர் போகணும்னா முதல்ல ஆட்டோ பேசி, தஞ்சாவூர் பஸ் போற வழியில இருக்கற டிவிஎஸ் டோல்கேட் சந்திப்புக்கு வரணும், அங்க ரோட்டோரமா நின்னு வர்ற பஸ்ஸுக்கு கைய காட்டணும், நிக்குமா நிக்காதான்னு தெரியாது, லக்கேஜ பாத்துட்டு கண்டக்டர் ஏத்திக்குவாரான்னும் தெரியாது. இதுக்கு பயந்து தான் எங்க பக்கத்துல யாரு வந்தாலும் ஊர்லேர்ந்து கார் புடிச்சுட்டு ஒரு குடும்பமே கிளம்பி வருது. ஒரு மாசம் வெயில்ல நின்னு சம்பாதிச்சதுல ஒரு பங்கு போறதும் வர்றதுமா கார் வாடகைக்கே போயிடுது. கார் அனுப்ப ஆள் இல்லாதவங்க விடியற வரைக்கும் அந்த நாற்காலியிலயே உக்காந்து கெடக்கறாங்க.

பெங்களூரு ஏர்போர்ட்லேர்ந்து மைசூருக்கு ஃப்ளைபஸ்னு கர்நாடக அரசு பஸ்ஸே ஓட்டுது, டெர்மினல் வாசல்ல ஏறுனா நேரா மைசூர்ல போய் இறங்கலாம். நம்ம கிட்ட பஸ் இல்லையா டிரைவர் இல்லையா? எந்த ஃப்ளைட் எத்தனை மணிக்கு வருதுன்னு நெட்டுலயே இருக்கு.

எல்லா ஊருக்கும் ஒரேயடியா கேக்கல. தஞ்சாவூர் வழியா பட்டுக்கோட்டைக்கு ஒண்ணு, புதுக்கோட்டை வழியா காரைக்குடிக்கு ஒண்ணு, பெரம்பலூருக்கு ஒண்ணு, சிங்கப்பூர் கோலாலம்பூர் ஃப்ளைட் வந்து இறங்குற நேரத்த பாத்து ராத்திரியில விட்டு பாருங்க. சாதா பஸ் போதும், ஏசி எல்லாம் வேணாம், லக்கேஜ் வைக்க மட்டும் நல்ல இடம் இருக்கணும். காசு கூட வாங்குங்க, ஜனங்க சந்தோஷமா குடுப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, ஃப்ளைட் லேட்டுன்னா பஸ்ஸும் நின்னு ஏத்திக்கிட்டு தான் கிளம்பணும், அத மட்டும் ஆர்டர்லயே எழுதிடுங்க.