அஞ்சியவர்களெல்லாம் கோழைகளா?

போடிமெட்டுக்கு அப்பால், மூணாறு மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்தெடுத்து வரும் நம் மக்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "இத்தனை காலம் வாய்மூடிக் கிடந்தவர்கள்தானே, கோழைகள்" என்று கீழ்நாட்டில் இருந்துகொண்டு சிலர் சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. வேலை போனால், தோட்டக் கம்பெனி கொடுத்த வரிசைக் குடியிருப்பான லயத்து வீடும் போய்விடும். பணி ஓய்வு பெற்றாலே வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்படியிருக்க, மேற்பார்வையாளரின் அதட்டலுக்குத் தலைகுனிந்த தாய், தன் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கூரையைக் காத்தாள். அந்த அச்சத்தின் விலையை அவளே கொடுத்தாள். தன் அச்சத்தின் விலையை அடுத்தவர் தலையில் கட்டித் தான் தப்பிக்கிறவனைத்தான் நான் கோழை என்பேன்.

2015 செப்டம்பரில், நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி பெற்றுவந்த அதே பெண்கள், போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் மூணாறு சாலையில் வந்து அமர்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தில், தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் அருகில்கூட விடவில்லை. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில், போனஸும் கருணைத்தொகையும் சேர்ந்து 20 சதவீதம் கிடைத்தது.

அவர்களுடைய அச்சம் அன்று அகன்றுவிட்டது என்று பலரும் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. லயத்து வீடு அப்போதும் கம்பெனியுடையதாகவே இருந்தது, பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய கடனும் அப்படியே இருந்தது. பக்கத்தில் இருப்பவளும் எழுந்து போகமாட்டாள் என்ற உறுதி ஒன்றுதான் புதிதாக வந்தது. தனித்தனியே லயங்களில் இருந்தபோது அவர்களை அடக்கிவைத்த அதே அச்சம், ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக அமர்ந்தபோது, இனியும் பொறுத்தால் பிள்ளைகளும் இதே கூடையைச் சுமக்க நேரும் என்ற அச்சமாகி, அவர்களைச் சாலையிலேயே இருத்தியது. வீரம் என்பது ஒருவருடைய பிறவிக்குணம் என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது. துணையற்று நிற்பவரைக் கோழை என்று பழிப்பது அநியாயம் என்று நான் கருதுவதும் இதனால்தான்.

அடுத்து, 500 ரூபாய் தினக்கூலி கேட்டு நடந்த போராட்டம் 301 ரூபாயில் முடிந்தது. அதைப் பணிந்துபோனதாகச் சிலர் இன்றும் எழுதுகிறார்கள். கூலியில்லாமல் எத்தனை நாள் அடுப்பெரியும் என்பதை அறிந்த வீடுகளில் எடுக்கப்பட்ட முடிவு அது. அந்தப் போராட்டத்துக்காக ஒரு நாள் கூலியையும் இழக்காதவர்கள் அதை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.