பதிலைப் பொதுவில் எழுதுங்கள்

காற்றுத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, மறுபடி பூட்டிப் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் டெல்டாவில் பலர் நினைப்பதைவிட அதிகம். கும்பகோணத்தில் நகைப்பட்டறை வைத்திருப்பவர், மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுபவர், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், நாகப்பட்டினத்துப் படகு எஞ்சின் மெக்கானிக் என்று ஊருக்கு ஒருவர் இருவராகச் சிதறி இருப்பதால், பக்கத்துத் தெருவில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி இந்தக் கைவேலைக்கு இல்லை. இணையக் குழுக்கள்தாம் நமக்குப் பட்டறை. அங்கே ஒருவர் கேட்பதற்கு மற்றவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே இந்த வேலை வளர்வதும் தேய்வதும் இருக்கிறது என்பதால், சில நாட்களாக மனத்தில் இருப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்னதாக ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வெடிமருந்தால் இயங்கும் துப்பாக்கியைப் பற்றி இங்கே பேசவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி அதைச் செய்வதற்கு மட்டுமல்ல, தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். நம்முடைய வேலை முழுவதும் 4.5 மில்லிமீட்டர், அதாவது 0.177 அங்குலத் துளையும், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிகளோடு நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்காமல் விடுவது இந்த எல்லைக்குள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணே, பவர் குறைந்துவிட்டது, என்ன செய்யலாம்?" என்று ஒரு தம்பி கேட்கிறார். கீழே விழும் முதல் பதில், "இன்பாக்ஸ் வாங்க தம்பி" என்பதாக இருக்கிறது. அதற்குக் கீழே, அதே சிக்கல் உள்ள வேறு சிலர், "எனக்கும் சொல்லுங்க அண்ணே" என்று வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் தனித்தனியே சொல்லப்பட்டதா, சொன்னது சரியா, கேட்டவருடைய துப்பாக்கி சரியாகிவிட்டதா என்பது யாருக்கும் தெரியாமலேயே அந்த உரையாடல் முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருகிறார். மூத்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

பார்ப்பதற்கு இது மரியாதைபோல்தான் இருக்கிறது. தம்பி என்று அழைக்கிறார், தம் நேரத்தையும் தருகிறார். ஆனால் தனிச்செய்தியில் சொல்லப்படும் பதிலைத் திருத்த ஆள் கிடையாது. பொதுவில் தவறாக ஒன்றைச் சொன்னால், மயிலாடுதுறையிலிருந்து யாராவது ஒருவர், "அப்படிச் செய்தால் சீல் போய்விடும் சார்" என்று அரைமணி நேரத்தில் எழுதிவிடுவார். அந்தத் திருத்தத்துக்கு அஞ்சித்தான் சிலர் இன்பாக்ஸை நாடுகிறார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. விலை, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தனியாகச் சொல்வதுதான் முறை; அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. தொழிலாகச் செய்பவர் கூலி கேட்பதும் நியாயமே. செய்முறையை மட்டும் ஒளித்து வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தஞ்சாவூர் கீழவாசலில் பீரங்கி மேட்டின்மேல் ஒரு பெரிய இரும்புப் பீரங்கி இருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் நீளமும் இருபது டன்னுக்கு மேல் எடையும் உள்ள அது, 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் ஆட்சிக்காலத்தில் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. உருக்கி வார்த்த பொருள் அன்று அது. நீண்ட இரும்புப் பட்டைகளைப் பக்கம் பக்கமாகக் குழல்போல் அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைக் காய்ச்சி ஏற்றி, அடித்தே இணைத்திருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் முதலானோர் அந்தப் பீரங்கியின் உடம்பையே ஆராய்ந்துதான் அதன் செய்முறையை விளக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்த கொல்லர்கள் இதே மண்ணில் வாழ்ந்தவர்கள். கைவேலையில் தேர்ந்த ஊர்தான் நம்முடையது. கற்றதை வீட்டுக்கு வெளியே சொல்லும் பழக்கம்தான் பின்தங்கிவிட்டது.

பொதுவில் பதில் எழுதுவது மட்டும் போதுமா என்றால், போதாது. எண்ணெய் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இரண்டு சொட்டு எண்ணெய் விடு" என்கிறார் ஒருவர். "எண்ணெயே விடாதே" என்கிறார் மற்றொருவர். இரண்டு பேரும் அனுபவசாலிகள், இரண்டு பேரும் சொல்வது உண்மை, இருந்தும் அதன்மேல் ஒரு பெரிய சண்டை நடக்கிறது. காரணம் எளியது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று குண்டைத் தள்ளுவதுதான் ஸ்பிரிங் துப்பாக்கி. பழைய ஸ்பிரிங் துப்பாக்கிகளில், காற்று கசியாமல் அடைக்கப் பிஸ்டன் தலையில் இருப்பது தோல் சீல். அடிபம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, உள்ளே கிண்ணம்போல் கவிந்திருக்கும் லெதர் வாஷர் நினைவிருக்கும். ஏறக்குறைய அதே பொருள்தான் இதுவும். தோல் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று கசியும். கொஞ்சம் எண்ணெய் பட்டால் மறுபடி விரிந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். புதிய துப்பாக்கிகளில் வருவது செயற்கைச் சீல். அதற்கு எண்ணெயால் விரிய வேண்டிய தேவை இல்லை. அங்கே பெட்ரோலிய எண்ணெயை ஊற்றினால், பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் எழும் வெப்பத்தில் அது தீப்பற்றும். டீசல் எஞ்சின் வேலை செய்யும் அதே தத்துவம் என்பதால் இதற்கு டீசலிங் என்றே பெயர்.

இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. அப்படி எரியும்போது குண்டு முன்பைவிட வேகமாகப் போகும், சத்தம் பலமாகக் கேட்கும், கொஞ்சம் புகையும் வரும். எண்ணெய் விட்ட தம்பி மகிழ்ந்துபோய், "சூப்பர் அண்ணே, பவர் வந்துவிட்டது" என்று அன்றைக்கே எழுதிவிடுவார். அதைப் பார்த்து வேறு சிலரும் ஊற்றுவார்கள். சீல் கருகுவதும் ஸ்பிரிங் உடைவதும் பின்னால் நடப்பவை; அப்போது வந்து சொல்ல யாரும் இருப்பதில்லை. ஆகவே நன்றி சொல்வதைவிட, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்து, "இப்படிச் செய்தேன், இப்போது இந்த நிலையில் இருக்கிறது" என்று அதே இடத்தில் ஒரு வரி எழுதுவதையே நான் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன். நூறு கைகூப்பல் பொம்மைகள் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. துப்பாக்கியின் பெயர், ஸ்பிரிங்கா அடைத்த காற்றா, சீல் தோலா செயற்கையா, கடைசியாக எப்போது பிரிக்கப்பட்டது, பெல்லட் (சிறு குண்டு) போடாமல் வெறுமனே சுட்டுப் பார்த்ததுண்டா என்பதையெல்லாம் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்வது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன்கள் வெறும் துப்பாக்கியை மடக்கி மடக்கிச் சுட்டிருப்பார்கள்; பெல்லட்டின் தடை இல்லாததால் பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை அமையாமல், அது சிலிண்டர் முனையில் நேராக மோதியிருக்கும். அதைச் சொல்லாமல் மறைத்தால், பதில் சொல்பவர் வேறு திசையில் தேடிக்கொண்டிருப்பார். பவர் பற்றிய பேச்சிலும் இதே குறை உண்டு. அரை கிராம் எடையுள்ள பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறத்தாழ 10 ஜூல். எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்படுபவர்களோடு வாதாடிப் பயன் இல்லை.

புதியவர் அரைகுறையாகக் கேட்டால், "கூகுளில் தேடிவிட்டு வா" என்று விரட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் தேடினால் ஆயிரம் பக்கங்கள் வரும். தமிழில் தேடினால் என்ன வருகிறது என்று விரட்டுபவர்கள் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும். இல்லாத நூலகத்துக்கு வழி காட்டுவது எந்த வகை உதவி?

ஆங்கிலத்தில் கிடைப்பதையும் அப்படியே மொழிபெயர்த்துப் போட்டுவிட முடியாது என்பது வேறு சிக்கல். இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் இல்லாத எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். அங்கே விற்கும் ஸ்பிரிங்குகளும் அங்குள்ளவர்கள் தரும் யோசனைகளும் அந்த எல்லைகளை மனத்தில் வைத்தே அமைந்தவை. ஜெர்மன்காரர் ஒருவர், "இந்த ஸ்பிரிங் போதுமானது" என்று எழுதினால், எதற்குப் போதுமானது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். துரு விஷயத்தில் வேறுபாடு இன்னும் கூடுதல். குளிர்ந்த, காய்ந்த அறையில் உறைக்குள் வைத்துப் பாதுகாக்கும் முறையை ஐப்பசி அடைமழையில் வேதாரண்யத்தில் பின்பற்றினால், உப்புக் காற்றும் ஈரமும் அந்த உறைக்குள்ளேயே தங்கி, குழலின் கருநீல மெருகைத் தின்றுவிடும். எந்த ஊர், எந்தப் பருவம், எங்கே வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அனுபவம் அடுத்தவருக்குப் பயன்படும்.

ஆபத்து உள்ள இடங்களில் பாதிப் பதிலைவிட மௌனம் மேல். "பின் மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங் வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டேன். வரும்தான்; முகத்துக்கு நேராக வரும். பல துப்பாக்கிகளில் அது அழுத்தப்பட்ட நிலையிலேயே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரஸரில் பிடித்து, மெல்ல மெல்லத் தளர்த்தித்தான் மூடியை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் அந்த வாக்கியத்தை முடித்திருக்கக் கூடாது. காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துச் சுடும் பி.சி.பி. வகையில் காற்று 200 பார் அழுத்தம் அளவுக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஒரு திருகைத் தொட வேண்டும் என்பதையும், அந்த அழுத்தத்தில் பெட்ரோலிய கிரீஸ் வெடிக்கக்கூடும் என்பதையும் ஒவ்வொரு முறையும், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விடாமல் எழுத வேண்டும்.

பெயர் சொல்லும் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நம்மில் பலர் பெருமையாகப் படம் போடும் வேலைகளில் பாதி, நம் ஊர் லேத் பட்டறைகளில் நடந்தவை. பம்புசெட் உதிரிபாகம் கடையும் கையால் ஒரு டர்னர் நமக்குப் பிஸ்டன் கைடு கடைந்து தருகிறார். இந்த அளவுக்கு இடைவெளி விட்டால்தான் உரசாது என்று அவர்தான் சொல்லியும் தருகிறார். அவர் முகநூலில் இல்லை, இருந்தாலும் எழுதமாட்டார். படத்தின் கீழ் "என் கைவண்ணம்" என்று போட்டுக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. அவருடைய அனுமதி கேட்டுப் பெயரைச் சொல்லலாம். அவர் வேண்டாம் என்றால், இந்த யோசனை பட்டறைக்காரர் ஒருவர் சொன்னது என்றாவது எழுதலாம். அவரை ஐந்து நிமிடம் பேசச் சொல்லி ஒலிப்பதிவாகப் போட்டால் இன்னும் நன்று. எழுத்தில் வராத எத்தனையோ நுட்பங்கள் அவர்கள் பேச்சில் தாராளமாக வருகின்றன.

சொல்லக் கூடாதவையும் உண்டு. 20 ஜூலைத் தாண்டுவது எப்படி, காற்றுத் துப்பாக்கியைத் தோட்டா சுடுமாறு மாற்ற முடியுமா என்ற கேள்விகளுக்கு நம்மில் யாரும் வழி சொல்வதில்லை. மாற்றுவது ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வரும் குற்றம். அதில் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது பறவைகள் விஷயத்தில்தான். "கொக்கு, மடையான் அடிக்க எந்த பெல்லட் நல்லது?" என்று கேட்பவர் குற்ற உணர்வோடு கேட்பதில்லை. அறுவடை முடிந்த வயலில் தாத்தா காலத்திலிருந்து நடந்துவந்ததைத்தான் அவர் கேட்கிறார். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் கோடியக்கரையும் நமக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. அங்கே வந்து இறங்கும் பறவைகள்தாம் நம் வயல்களிலும் மேய்கின்றன.

இப்படிப்பட்ட கேள்வியைப் பார்த்தவுடன் நீக்கிவிட வேண்டும் என்கிறார்கள் குழுக்களை நடத்தும் நண்பர்கள். வழக்கு வம்பு வரும் என்ற அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நான் அதில் உடன்படவில்லை. கேட்டவர் ஒருவர் என்றால், கேட்காமல் அதே எண்ணத்தோடு படித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். கேள்வியை நீக்கினால், அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கேட்டவரும் கோபித்துக்கொண்டு, கேள்வி கேட்காத வேறு கூட்டத்தைத் தேடிப் போவார். கேள்வியை அப்படியே விட்டு, சட்டம் இது, நாங்கள் இதற்கு உதவமாட்டோம் என்று வசவு இல்லாமல் கீழே எழுதலாம். பத்து மீட்டரில் ஒரு காகித இலக்கை வைத்துப் பாருங்கள் என்றும் சேர்த்து எழுதலாம். ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்து மதிப்பெண் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். நம் பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றது அந்தப் புள்ளியைச் சுட்டுத்தான். அசையாமல் நிற்கும் மடையானை அடிக்கத் தெரிந்தவர், அந்தப் புள்ளியை ஒரு மாலை முழுக்க முயன்று பார்க்கட்டும். அதற்கு எந்த பெல்லட் நல்லது என்று அவர் திரும்பி வந்து கேட்டால், தட்டைத் தலை பெல்லட் என்று தொடங்கி நான் விரிவாகவே எழுதுவேன்.