பிரையன் கோடியின் வெற்றி யாரால்?

ஹென்றி ஷெஃப்லின் போன்ற ஆட்டக்காரர்கள் இருந்தால், கோடி பயிற்றுவித்த கில்கென்னி ஹர்லிங் அணியை (ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்து விளையாட்டு) யார் நடத்தினாலும் கோப்பை வந்திருக்கும் என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை ஏற்கவே முடியவில்லை. 2014 வெற்றிக்குப் பின் ஷெஃப்லின், டாமி வால்ஷ், ஜே.ஜே. டிலேனி என்று தூண்கள் எல்லாம் அடுத்தடுத்து ஓய்வு பெற்றன. அடுத்த ஆண்டே கால்வே அணியை வீழ்த்தி மீண்டும் அகில அயர்லாந்துப் பட்டம், கோடிக்கு அது 11-வது! பெயருக்காக யாருக்கும் இடம் தந்தவர் அல்ல அவர். 2003-ல் அணித்தலைவர் சார்லி கார்ட்டருக்கே ஆடும் பதினைந்து பேரில் இடமில்லை, அவர் பாதியில் விலகினார், அந்த ஆண்டும் கோப்பை கில்கென்னிக்குத்தான். சம்பளமே இல்லாத அமெச்சூர் விளையாட்டு இது, பணத்தைக் காட்டி யாரையும் பிடித்து வைக்க முடியாது என்பதையும் பாருங்கள். ஆட்டக்காரராக அவர் சுமார்தான் என்று கீழே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். 1982-ல் கோப்பையைத் தூக்கிய கில்கென்னித் தலைவரே கோடிதான் நண்பரே. தற்காப்பு ஆட்டக்காரரான அவரை 1978 இறுதிப்போட்டியில் முன்களத்தில் நிறுத்தினார்கள். கார்க் அணியிடம் தோற்று ஊர் திரும்பியபோது சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அதைத் தாங்கிய மனிதர் பிறகு 24 பருவங்கள் அதே ஊர் அணியை நடத்தியதை வெறும் அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?