வடக்கு வாசலுக்கு வெயில் கேட்கிறார்

சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். கோடையில் சில மாதம் போக, நடுப்பகல் சூரியன் தெற்கேதான் நிற்கும். வடக்கு பார்த்த வீட்டின் முகப்பு நிழலாகத்தான் இருக்கும். கட்டப்போகிற வீட்டின் முகப்பை நான் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் படத்தில், அதாவது எலிவேஷன் ரெண்டரில், அப்படியே வைத்தால், "தம்பி, டல்லடிக்குது, பளிச்சுன்னு போடுங்க" என்கிறார் பில்டர். சூரியனையே இடம் மாற்றச் சொல்கிறார் மனுஷன்!

20 அடி ரோட்டில் நின்று பார்க்கப்போகிற வீடு. கேமராவை ஐந்தரை அடியில், கண் உயரத்தில் வைத்து, சுவர்க் கோடுகள் சாயாமல் நிமிர்த்தி, வேப்பங்கிளை ஒன்றை ஓரத்தில் தொங்கவிட்டேன். கிளை போச்சு. பதிலுக்கு இமயமலை பைன் மரமாம், வீட்டை மேலிருந்து பார்க்கிற மாதிரி வேணுமாம். சன்ஷேடுக்குக் கீழே மழைநீர் வழிந்த லேசான கறை, காம்பவுண்டு அடியில் செம்மண் தெறிப்பு, எதிரே ஈபி கம்பம், இதெல்லாம் இருந்தால்தான் படம் நிஜம் மாதிரி இருக்கும். அத்தனையும் 'அசிங்கம்' என்று அழிக்கச் சொல்லிவிட்டு, "ஏன் பொம்மை வீடு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்போது அடுத்த கரெக்‌ஷன் வந்திருக்கிறது. போர்ட்டிகோவில் பெரிய எஸ்யூவி நிற்கணுமாம். பிளானில் போர்ட்டிகோ ஆழம் 12 அடி. கேட்டை எப்படி மூடுவாராம்?