கோபப்படுவதும் அவன் உரிமைதான்

என் தம்பியின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு இருமுனைக் கோளாறு (bipolar): மனம் சில காலம் அளவுமீறிய உற்சாகத்திலும், சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய். சில ஆண்டுகளுக்கு முன் நோய் முற்றி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போது ஊரில், பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். திரும்பி வந்தவன், தான் பார்த்தே இராத பெங்களூரின் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. உடம்பு தேறிக்கொண்டிருந்தவன் தலையில் இந்தப் பொய்யின் சுமையும் ஏறியது.

இப்போது கடைக் கணக்கு முழுவதும் அவன் பொறுப்பு. இந்த நோய்க்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுவதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதையும் யாரும் நினைவூட்டாமல் செய்கிறான். ஆனாலும் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், "மாத்திரை போட்டாயா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அண்மையில் பாகப்பிரிவினைப் பேச்சில், கிணற்றடி நிலத்தின் அளவு தவறு என்று பத்திரத்தைக் காட்டிச் சொன்னான். "அவனிடம் எதற்கு வாதம், விடுங்கள்" என்றார் சித்தப்பா. பத்திரத்தை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது.

இரவுத் தூக்கம் நாள்கணக்கில் குறைவது, ஓயாத பேச்சு, கட்டுக்கடங்காத செலவு: இவை தெரிந்தால் கவலைப்படுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அநியாயத்தைக் கண்டு வரும் கோபம் நோயின் அறிகுறி அல்ல. அது யாருக்கும் வரும்.

நோயைக் காட்டி ஒருவர் பேச்சை ஒதுக்குகிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்வது இது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு இப்போதும் மனநோய் இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிடவும் மாட்டார்; அதை அறிவிக்க வேண்டியது நீதிமன்றம், சித்தப்பாக்கள் அல்ல. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதையும் இதே சட்டம் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை நம் தலைமுறை மறந்திருக்க முடியாது. அவர்களில் பலரைக் கொண்டுபோய் விட்டது சொந்தக் குடும்பம்தான்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு நானும் வருகிறேன். கிணற்றடி நிலத்தை அளக்க நில அளவையரை வரச் சொல்லுங்கள். என் தம்பி சொன்ன அளவு தவறென்றால் அவர் சொல்லட்டும்.