முதலில் ஸ்ட்ரக்ட், அப்புறம் கிளாஸ்

சி நிரல்மொழியை முடித்த மாணவர்களுக்கு, சி பிளஸ் பிளஸ் வகுப்பின் முதல் நாளே இன்ஹெரிட்டன்ஸ் (ஏற்கெனவே எழுதிய ஒரு வகையிலிருந்து புதிய வகையை உருவாக்குவது) சொல்லித்தர வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரைக்குடியில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த கண்டாங்கிச் சேலைக் கடைக் கணக்கை முதலில் சி-யிலேயே எழுதச் சொல்வேன். ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது தொடர்புள்ள தகவல்களை ஒன்றாக வைக்கும் தொகுப்பு; அதற்குள் விலை, இருப்பு. போன மாதம் ஒரு மாணவியின் திரையில் இருப்பு -3 என்று வந்தது. ஏதோ ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) இருப்பைச் சரிபார்க்காமல் கழித்திருக்கிறது. எது என்று தேடியே அரை மணி நேரம் போனது. அப்புறம்தான் சி பிளஸ் பிளஸுக்கு மாறி, தகவலையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் சேர்த்து வைக்கும் கிளாஸ் ஒன்றை எழுதினோம்; இருப்பை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கி, விற்பனை ஃபங்ஷனையும் அந்தக் கிளாஸுக்குள் கொண்டுவந்தோம். "இனிமே ஒரே இடத்துல பாத்தா போதும் சார்" என்றாள். சி பிளஸ் பிளஸ் மொழியே 1979இல் 'கிளாஸ்களோடு சி' என்றுதானே தொடங்கியது? இன்ஹெரிட்டன்ஸ் நாலு வாரம் கழித்து வரட்டும்.